பட்டியலில் பதினான்காவது வரி

ஆர்டித் குசேராவை எனக்குப் பதினோரு குளிர்காலமாகத் தெரியும். டெக்சஸின் தெற்குக் கோடியில், வண்டியையே வீடாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வீட்டு வண்டிக்காரர்கள் நவம்பரில் வந்து இறங்கி ஏப்ரலில் கிளம்பிப் போகும் பார்க் எங்களுடையது. அவளும் அவள் கணவரும் இருக்கும் வண்டி நிற்பது நாற்பத்திரண்டாம் இடத்தில், என்னுடையது நாற்பத்து மூன்றில். நடுவில் ஒரு எலுமிச்சை மரமும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் தனியாகச் சீட்டாடும்போது ஏமாற்றுவது அவளுக்குத் தெரியும்.

சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குப் பூவேலை வரும். ஆர்டித்துக்குக் கவலை வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதை ஒரு வேலையாகவே செய்வாள். காலை ஆறு மணிக்கு எழுந்து காபியைப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு எதைப் பற்றிக் கவலைப்படலாம் என்று வண்டியைச் சுற்றி வருவாள். டயரைக் காலால் தட்டுவாள். காஸ் குழாயை மோந்து பார்ப்பாள். எல்லாம் சரியாக இருந்தால் அதுவே சந்தேகமாகி இன்னொரு முறை சுற்றுவாள்.

நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். தினமும் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. தன் காலத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட வயிற்றைக் கலக்கவில்லை என்பதைத் தன் கல்யாணத்தைவிடப் பெருமையாகச் சொல்வாள். ஏப்ரன் பையில் எப்போதும் ஊசி வைத்த தெர்மாமீட்டர் ஒன்று இருக்குமாம். வேலையை விட்ட பிறகு அது கைப்பைக்கு மாறிவிட்டது. எங்கள் பார்க்கில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோர் முன்னாலும் என் கோழிப் பண்டத்தில் அந்த ஊசியைக் குத்திப் பார்த்தாள். ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை.

அவள் கணவர் லீலண்ட், மாவட்டச் சாலைகளைச் சமப்படுத்தும் இயந்திரத்தை ஓட்டியவர். அவருக்கு எதைப் பற்றியும் கவலை கிடையாது. அவர் பங்கையும் சேர்த்து இவளே பட்டுவிடுவதால் அவருக்கு வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். இருவரும் ஓய்வு பெற்ற வருஷம் வீட்டை விற்றுவிட்டு, முப்பதடி நீளத்தில் பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கினார்கள். அன்றிலிருந்து அதுதான் வீடு, அதுதான் வண்டி.

வண்டியோடு சேர்ந்து வந்ததுதான் ஆர்டித்தின் பட்டியல். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை. ஒரு பக்கம் ‘கிளம்பும்போது’, இருபத்திரண்டு வரி. மறுபக்கம் ‘சேர்ந்ததும்’, பதினாறு வரி. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து மெழுகு பென்சிலால் டிக் அடிப்பாள். எல்லா வரியிலும் டிக் விழாமல் லீலண்ட் சாவியைத் திருப்ப முடியாது.

“இன்ஸ்பெக்டரம்மா, ஜன்னலெல்லாம் எண்ணியாச்சா? ஒண்ணு ரெண்டு ராத்திரில எறங்கி ஓடிருக்கப் போவுது,” என்பார் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே.

“நீ வாய மூடிட்டு உக்காரு லீலண்ட். போன தடவ ஏணிய மடக்காம கெளம்பினது யாரு?”

“அந்தத் தடவையும் ஊர் போய்ச் சேந்தோமா இல்லையா?”

இந்தச் சண்டையைக் கேட்காமல் எங்கள் பார்க்கில் வசந்தம் வந்ததில்லை.

நான் சொல்ல வந்தது போன வருஷம் ஜூலையில் நடந்தது. அதற்கு முன்னால் புளித்த மாவு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

இவர்களுக்கு ஒரே மகன், ட்ரெண்ட். மான்டானாவில் ரயில்வேயில் வேலை. ஆறு வருஷத்துக்கு முன் டெஸ்ஸா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாணத்துக்குப் போன ஆர்டித், உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவர்களுடைய ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்தாள். பின்வரிசையில் ஒரு ஜாடி. உள்ளே சாம்பல் நிறத்தில் புளித்துப்போன மாவு. ஆர்டித் மோந்து பார்த்தாள், பள்ளிக்கூடத்துச் சமையற்காரி விழித்துக்கொண்டாள், ஜாடி குப்பைக்குப் போயிற்று. அது ரொட்டியைப் புளிக்க வைக்கும் உறை மாவு, அவ்வப்போது புது மாவு சேர்த்து வளர்ப்பது. டெஸ்ஸாவின் அம்மா பத்தொன்பது வருஷம் தீனி போட்டு உயிரோடு வைத்திருந்தது. அந்த அம்மா செத்துப் போய் நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

டெஸ்ஸா கத்தவில்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாளாம். ஆர்டித் எத்தனையோ மன்னிப்புக் கடிதம் எழுதினாள். பதில் மரியாதையாகத்தான் வந்தது. அழைப்பு மட்டும் வரவில்லை. ட்ரெண்ட் தனியாக வந்து பார்த்துவிட்டுப் போவான்.

போன வருஷம் ஏப்ரலில் குழந்தை பிறந்தது. எட்டு வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்ட பெண் குழந்தை, பெயர் ஹேட்டி. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஜூன் கடைசியில் ட்ரெண்ட் போன் செய்தான்.

“அம்மா, வாங்க. டெஸ்ஸாவே சொன்னா. ஆனா நம்ம வீட்டு முன்னாடி வண்டிய நிறுத்திக்கிட்டு வண்டிலயே படுத்துக்கணும். வெளில இருந்து வந்தா கை கழுவணும். அப்புறம்… பாப்பாவ இப்போதைக்குப் பாக்கறது மட்டும்தான். தூக்கறது டெஸ்ஸா சொல்றப்போதான்.”

“சரிப்பா. எல்லாம் சரி.”

“சமையல்கட்டுல எதையும் தொடாதீங்கம்மா.”

“ஒரு ஸ்பூனக்கூடத் தொட மாட்டேன்.”

அன்றைக்கே ஆர்டித் என்னைப் போனில் கூப்பிட்டு அழுதாள். சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி. “வெல்டா, இது ஒரே ஒரு தடவதான். இதையும் நான் கெடுத்துக்கிட்டா அந்தக் கொழந்தைய எப்பவுமே என் கையில தர மாட்டா,” என்றாள். கடிதம் சுமந்து பிழைத்த தபால்காரி நான். நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே முகம் வைத்திருக்கப் பழகியவள். ஆனாலும் அன்று அவள் குரலைக் கேட்டு அந்த முகமும் கலைந்துவிட்டது.

லீலண்டுக்கு நேராகப் போகப் பிடிக்காது. வழியில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். முதலில் நெப்ராஸ்காவின் மேற்கே அவருடைய அண்ணன் மைலோ வீடு. மைலோவுக்கும் வீட்டு வண்டி உண்டு என்பதால் வாசலிலேயே அதற்கென்று பெரிய மின் இணைப்பு போட்டு வைத்திருக்கிறார். அங்கே மூன்று நாள் சுகமாக நின்றார்கள். பிறகு தெற்கு டகோட்டாவின் மண்மலைகள். உலகமே வந்து வாயைப் பிளக்கும் இடத்தில் ஆர்டித் டயரின் காற்றை அளந்துகொண்டிருந்தாள். மலையில் நாலு ஜனாதிபதிகளின் முகம் செதுக்கிய இடத்தில், “காஸ் மூடினோமா?” என்று கேட்டாளாம்.

“அதோ, மூணாவது ஆளு பாத்துட்டுதான் இருக்காரு, அவரையே கேளு,” என்றாராம் லீலண்ட்.

ஆனால் அந்தப் பயணத்தில் அவளுடைய உண்மையான கவலை டயரும் இல்லை, காஸும் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எனக்குச் செய்தி அனுப்புவாள். சோப்பு வாசனை இல்லாததாக வாங்கிவிட்டேன். என் ஸ்வெட்டரின் நூல் குழந்தைக்கு ஆகுமா? நான் பேசாமலே இருந்தால் கோபம் என்று நினைத்துக்கொள்வாளா? ட்ரெண்ட் அனுப்பிய குழந்தையின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, வண்டியில் மைக்ரோவேவின் மேல் ஒட்டியிருந்தாள். அந்த மைக்ரோவேவில் மணி காட்டும் எழுத்து எப்போதும் மின்னி மின்னி அவள் உயிரை எடுக்கும். அதை மறைத்த மாதிரியும் ஆயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நல்ல வெயில். ஆர்டித் பின்னால் நின்று கையைக் காட்ட, லீலண்ட் வண்டியைப் பின்பக்கமாக வாசலில் ஏற்றினார். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ட்ரெண்ட் கராஜுக்குள்ளிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து வண்டியில் சொருகினான்.

“சாதா கரண்ட்தாம்பா இது. ஏசி மட்டும் போட்டுடாதீங்க, தாங்காது.”

“ஏசியே வேண்டாம்பா. ஜன்னலத் தொறந்து வெச்சுக்கறோம்,” என்றாள் ஆர்டித்.

சொன்னதைச் செய்தாள். அந்த வெயிலில் வேர்த்து வழிய உள்ளே நின்றுகொண்டு, ‘சேர்ந்ததும்’ பக்கத்தை எடுத்து வரி வரியாக டிக் அடித்தாள். சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்றா. படி இறக்கியாயிற்றா. பதினாறும் முடித்துவிட்டு மூன்று முறை கை கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

டெஸ்ஸா சமையல்கட்டின் அந்தக் கோடியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். ஆர்டித் இந்தக் கோடியிலேயே, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

“கிட்ட வந்து பாக்கலாம் ஆர்டித்,” என்றாள் டெஸ்ஸா.

“இல்லம்மா, இங்கேருந்தே நல்லாத் தெரியுது. என்ன அழகு.”

“உங்க மூக்கு.”

“ஐயோ பாவம்,” என்றாள் ஆர்டித். டெஸ்ஸா லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்று மாலை எனக்குப் போனில் நாலு முறை சொன்னாள்.

சாப்பிடும்போதுதான் விவரமெல்லாம் தெரிந்தது. ஜூனில் டெஸ்ஸாவுக்குத் திடீரென்று வயிற்றில் ஒரு ஆபரேஷன். அதோடு தாய்ப்பால் நின்றுபோயிற்று. குழந்தைக்கோ கடைப் பால் மாவு ஆகவில்லை; இரண்டு முறை கொடுத்துப் பார்த்து இரண்டு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் வரை தாய்ப்பாலே போகட்டும், குடல் கொஞ்சம் பலப்பட்டதும் வேறு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்ல வேளையாக, குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்த நாளிலெல்லாம் டெஸ்ஸா ராவும் பகலும் பாலைக் கறந்து பை பையாக உறைய வைத்திருந்தாள்.

“சரியா ஆகஸ்ட் ஆறு வரைக்கும் வருது. ஒரு பை கீழ சிந்தினாக்கூட நான் அழுதுடுவேன்,” என்றாள்.

ஆர்டித் தலையை ஆட்டினாள். அந்தப் பைகள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. சமையல்கட்டைப் பற்றி எதையும் கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் புதன்கிழமை. ட்ரெண்ட் வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்குள் நின்று தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த சின்னக் காரை எடுத்துக்கொண்டு இருவரும் ஒரு நீர்வீழ்ச்சி பார்க்கப் போனார்கள். நாலு மணிக்குத் திரும்பினார்கள். லீலண்ட் வண்டி நிழலில் நாற்காலி போட்டுக் கண்ணயர்ந்தார். ஆர்டித் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். டெஸ்ஸா சோபாவில் சாய்ந்திருக்க, குழந்தை அவள் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஆர்டித், ஒரு ஒதவி பண்றீங்களா? இப்பதான் தூங்கினா, என்னால எழுந்திரிக்க முடியல. கராஜ்ல பெரிய ஃபிரீசர் இருக்கு. மேல் கூடைல பால் பை. நாளைக்குன்னு நாலு பை எடுத்து ஃபிரிட்ஜ்ல கீழ் தட்டுல வெச்சிடுங்க.”

ஆர்டித்தின் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெண் அவளை நம்பி ஒரு வேலை சொல்கிறாள். அதுவும் ஃபிரிட்ஜில்.

கராஜ் அடுப்பு மாதிரி கொதித்தது. மூலையில் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு ஃபிரீசர். மூடியைத் தூக்கினாள். உள்விளக்கு எரியவில்லை. உறுமல் சத்தம் இல்லை. மேல் கூடையில் அடுக்கியிருந்த பைகளில் ஒன்றைத் தொட்டாள். பை வளைந்து கொடுத்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு மூடியைச் சாத்தினாள். இருபத்தொன்பது வருஷப் பழக்கம், குளிர் வெளியே போகக் கூடாது. ஃபிரீசரின் ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனாள். அது போய்ச் சொருகியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய எக்ஸ்டென்ஷன் ஒயரும் சொருகியிருந்தது. சுவரில் இருந்த மின் பெட்டியைத் திறந்தாள். வரிசையில் ஒரு பிரேக்கர் சுவிட்ச் மட்டும், பாரம் தாங்காமல் கரண்டைத் துண்டித்து, விழுந்து கிடந்தது.

ஏசி போடவில்லையே! வண்டிக்கு ஓடினாள். உள்ளே விளக்கு எரிந்தது. ஃபிரிட்ஜ் ஓடியது. விசிறி சுற்றியது. அதுதான் எங்கள் வண்டிகளின் லட்சணம். கரண்ட் போனால் விளக்கும் விசிறியும் அதுபாட்டுக்குப் பாட்டரியில் ஓடும், ஃபிரிட்ஜ் காஸுக்கு மாறிக்கொள்ளும், எங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே இடம் மைக்ரோவேவ். குழந்தையின் படத்தை விலக்கிப் பார்த்தாள். மணி மின்னவில்லை, இருட்டாக இருந்தது.

மேசை மேல் பட்டியல் கிடந்தது. பதினான்காவது வரி: வெந்நீர்த் தொட்டி, கரண்டுக்கு மாற்று. காஸ் மிச்சமாகட்டும் என்று அவளே எழுதிய வரி. பார்க்கில் அது சரி. மைலோ வீட்டிலும் சரி. ஒரு சாதாரண வீட்டுக் கராஜின் ஒற்றை இணைப்பில், ஏற்கெனவே ஒரு ஃபிரீசர் ஓடும் இணைப்பில், வெந்நீர்த் தொட்டியைப் போட்டால் எந்தப் பிரேக்கர் தாங்கும்? முந்தின நாள் சாயங்காலம் டெஸ்ஸா பை எடுத்துப் போன பிறகு எப்போதோ விழுந்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு முழு நாள். பதினான்காவது வரிக்கு நேரே அவள் கையால் போட்ட டிக், அழகாக, ஒரு பக்கம் சாயாமல் இருந்தது.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டாள். நான் கான்சஸில் என் தங்கை வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பேசியது முதலில் எனக்குப் புரியவில்லை. மூச்சு வாங்கியது. புரிந்ததும் நான் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அது இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

“ஆர்டித், கேளு. மூடியச் சாத்திட்டியா? நல்லது. போய் அந்த பிரேக்கரத் திரும்ப மேல போடு. தண்ணித் தொட்டிய காஸுக்கு மாத்து. ராத்திரிக்குள்ள எல்லாம் திரும்ப ஒறஞ்சிடும். வாயத் தொறக்காத. உருகிட்டு ஒறஞ்ச பாலுக்கும் ஒறஞ்சே இருந்த பாலுக்கும் பாத்தா வித்தியாசமே தெரியாது.”

“ஆமா, தெரியாது,” என்றாள். “அதான் பயமா இருக்கு.”

“நீ சொன்னா அந்தப் பொண்ணு ஒன்ன வாசல்படி ஏத்த மாட்டா. மாவு ஞாபகம் இருக்கில்ல? கொழந்தைய ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்காமத் திரும்பி வரப் போறியா?”

எங்கோ லீலண்ட் குறட்டை விடுவது கேட்டது.

“எட்டு வாரம் முந்திப் பொறந்த வயிறு, வெல்டா,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அவள் லீலண்டை எழுப்பிச் சொன்னாள். அந்த மனுஷர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கவலைப்பட்டார். தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“நான் போட்டேன்னு சொல்லிடறேன். என் மேல அவளுக்கு ஏற்கனவே கோவம் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் என் மேலயும் இருந்துட்டுப் போவட்டும்.”

“ஒனக்கு அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியாது லீலண்ட்.”

“இப்ப காட்டு, தெரிஞ்சுக்கறேன்.”

அவள் அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு, கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். டெஸ்ஸா நிமிர்ந்து பார்த்தாள். ஆர்டித் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

“ஃபிரீசர் நேத்துலேருந்தே ஓடல போலிருக்கு. நான் எங்க வண்டில வெந்நீர்த் தொட்டியக் கரண்ட்ல போட்டேன். அதுல பிரேக்கர் விழுந்திருக்கு. மேல இருக்கற பையில கொஞ்சம் எளகிடுச்சு. எல்லாம் போயிடுச்சான்னு தெரியல, இன்னும் பாக்கல. ஒங்கிட்ட சொல்லிட்டுப் பாக்கணும்னு வந்தேன்.”

குழந்தையின் முதுகில் இருந்த டெஸ்ஸாவின் கை இறுகியது.

“மொதல்ல எங்கம்மாவோட மாவு,” என்றாள். குரல் உயரவே இல்லை. “இப்ப இது.”

“ஆமா.”

“ஆமாவா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. திட்டறதெல்லாம் அப்புறம் திட்டு, நான் எங்கேயும் ஓடிட மாட்டேன். இப்ப ஒவ்வொரு நிமிஷமும் அது எளகிட்டு இருக்கு. பாப்பாவத் தொட்டில்ல போட்டுட்டு வா.”

லீலண்டைத் தவிர யாருக்கும் ஆர்டித் உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் போட்டிருப்பாள். அன்று வந்தது அந்தக் குரலாகத்தான் இருக்க வேண்டும். டெஸ்ஸா எழுந்து வந்தாள்.

கராஜ் தரையில் துணியை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். லீலண்ட் வண்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிரேக்கரைத் திரும்பப் போட்டு, கடைக்கு ஓடி ஐஸ் மூட்டைகள் வாங்கி வந்து குளிர்ப்பெட்டிகளில் கொட்டினார். டெஸ்ஸா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நர்ஸைக் கேட்டாள். உள்ளே இன்னும் ஐஸ் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். முழுக்க உருகிக் குளிர்ச்சியாக இருந்தால் ஒரு நாளைக்குள் குடித்துவிட வேண்டும். வெதுவெதுப்பு ஏறியிருந்தால் கொட்டிவிட வேண்டும். யோசிக்கவே கூடாது என்றாளாம் நர்ஸ், உங்கள் குழந்தை விஷயத்தில் யோசிக்கவே கூடாது.

தொண்ணூற்று சொச்சம் பைகள். ஒவ்வொன்றையும் ஆர்டித் விரலால் அழுத்திப் பார்ப்பாள். உள்ளே கட்டி தட்டுப்பட்டால் இடப்பக்கம். தட்டுப்படாவிட்டால் பையின் வாயைத் திறந்து ஊசியை விட்டு எண்ணைப் படிப்பாள், ஊசியைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைப்பாள், அடுத்தது. ஒவ்வொரு பையிலும் டெஸ்ஸாவின் கையெழுத்தில் தேதி, மணி. ஏப்ரல் பதினெட்டு, விடியற்காலை மூன்று பத்து. ஏப்ரல் இருபது, விடியற்காலை நாலு ஐந்து. ஒரு பையின் மேல் பேனாவால், ‘இன்று மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்தார்கள்’ என்று எழுதியிருந்தது. அதில் ஐஸ் இல்லை. ஆர்டித் அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள், மூன்றாவது முறையும் பார்த்தாள்.

“இல்லல்ல?” என்றாள் டெஸ்ஸா.

“இல்லம்மா.”

“வலப்பக்கம் வைங்க.”

கூடையின் நடுவில் இருந்தவை தப்பித்திருந்தன, பாதிக்கு மேல். ஓரத்தில் இருந்தவை போய்விட்டன. முப்பதுக்கு மேற்பட்ட பைகள் முழுக்க உருகியிருந்தன. அவற்றில் ஒரு டஜன்தான் குளிர்ச்சியாவது இருந்தவை. மற்றதெல்லாம் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தன. எங்கள் பாரன்ஹீட் கணக்கில் அது பள்ளிக்கூடத்துச் சமையலறையின் எல்லைக்கோடு. அதைத் தாண்டிய எதையும் அவள் ஒரு பிள்ளைக்கும் பரிமாறியதில்லை. ஆகஸ்ட் ஆறு வரை வர வேண்டிய பால் ஜூலை கடைசிக்கே தீர்ந்துவிடும். டெஸ்ஸா விரல் விட்டு நாளை எண்ணினாள், நடுவில் நிறுத்திவிட்டாள்.

பைகளை அள்ளிக்கொண்டு இருவரும் சமையல்கட்டுத் தொட்டிக்கு வந்தார்கள். டெஸ்ஸா ஒரு பையின் வாயைத் திறந்தாள், தொட்டிக்கு மேல் பிடித்தாள், ஆர்டித்திடம் நீட்டினாள்.

“என்னால முடியல. நீங்க ஊத்துங்க.”

ஆர்டித் ஊற்றினாள், ஒவ்வொன்றாக. டெஸ்ஸா பக்கத்தில் நின்று, காலியான ஒவ்வொரு பையையும் வாங்கித் தேதியைப் படித்துவிட்டு அடுக்கினாள். இருவரும் அழுதார்கள். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. ட்ரெண்ட் வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். லீலண்ட் அவனைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விட்டார்.

எல்லாம் முடிந்ததும் ஆர்டித் தொட்டியைக் கழுவினாள். துணியைப் பிழிந்து போட்டாள். சமையல்கட்டில் எதையும் தொட மாட்டேன் என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம்.

“காலைல கெளம்பிடறோம்,” என்றாள். “ஒயர அப்பவே பிடுங்கிட்டோம். லீலண்ட் நாற்காலியெல்லாம் மடக்கி…”

குழந்தை அழ ஆரம்பித்தது. பசி அழுகை. டெஸ்ஸா போய்த் தூக்கினாள். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்து, குளிர்ச்சியாக மிஞ்சிய பைகளைப் பார்த்தாள். ஒரு நாளைக்குள் குடிக்க வேண்டியவை. குழந்தை எவ்வளவு குடித்தாலும் ஐந்துக்கு மேல் போகாது. ஒன்றை எடுத்துப் புட்டியில் ஊற்றி, வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தாள். அது சூடேறும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆர்டித்தும் நின்றாள். கிளம்பலாமா, நிற்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம்,” என்றாள் டெஸ்ஸா, திரும்பாமலே.

“தெரியும்மா.”

“இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கும்.”

“இருக்கட்டும்.”

“நீங்க பேசாம பிரேக்கரப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. காலைல நான் அதையே எடுத்து இவளுக்குக் குடுத்திருப்பேன்.” புட்டியை எடுத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். “ரெண்டு நாளா நான் தூங்கல. இது நாளைக்குள்ள தீரணும், ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது. இவ மெதுவாக் குடிப்பா, ஒரு வாய்க்கு முக்கால் மணி நேரம் ஆகும். உக்காருங்க.”

ஆர்டித் குழாய்ப் பக்கம் திரும்பினாள்.

“நான்… கை கழுவிட்டு வந்துடறேன்,” என்றாள்.

“நீங்க இன்னிக்குப் பூரா கையக் கழுவிட்டுத்தான் இருந்தீங்க, நான் பாத்துட்டுதான் இருந்தேன்,” என்றாள் டெஸ்ஸா. “கைய நீட்டுங்க ஆர்டித். தலையப் பாத்துப் பிடிங்க.”